பர்ஸில் இரண்டு கார்டு: மெடிகேரும் மெடிகெய்டும் சேர்ந்து கிடைக்கும் பெற்றோருக்கான கேள்வி பதில்

அமெரிக்காவில் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட அப்பா அம்மாக்களுக்காக எழுதியது இது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா முடிந்து, பாத்திரம் கழுவும் நேரத்தில், யாராவது ஒருவர் ஒரு பழுப்பு உறையை நீட்டி "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பார். அப்படி வந்த கேள்விகள்தான் கீழே இருப்பவை. நான் வக்கீலும் இல்லை, இன்ஷூரன்ஸ் ஏஜென்டும் இல்லை. மாமியாருக்காக இந்தப் படிவங்களை நிரப்பி நிரப்பிப் பழகியவன். தொகைகள் வேறு ஆண்டு என்று சொல்லாத இடத்தில் 2025-க்கு உரியவை. ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும்.

"டூயல்" என்கிறார்களே, யார் அவர்கள்?

மெடிகேர், மெடிகெய்டு என்ற இரண்டு அரசு மருத்துவக் காப்பீடும் ஒரே சமயத்தில் கிடைப்பவர்கள். நாடு முழுக்க 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். மெடிகேர் வயதைப் பார்க்கும். 65 ஆகியிருக்க வேண்டும், அல்லது உடல் ஊனத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி தொகையை 24 மாதம் வாங்கியிருக்க வேண்டும், அல்லது சிறுநீரகம் செயலிழந்தது போன்ற சில நோய்கள் இருக்க வேண்டும். மெடிகெய்டு வருமானத்தைப் பார்க்கும். வயதும் ஆகி, கையில் காசும் குறைவு என்றால் இரண்டும் வரும்.

இரண்டுமே அரசாங்கம்தானே? ஏன் ஒன்றாக வைக்கவில்லை?

இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. 1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் ஊரில், முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். ஆனால் வளர்ந்த வீடு வேறு. மெடிகேர் மத்திய அரசின் பிள்ளை, எங்கே போனாலும் ஒரே விதி. மெடிகெய்டுக்கு மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுகின்றன, நடத்துவது மாநிலம். அதனால் பெயரே ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் மெடி-கேல், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த். நியூ ஜெர்சி நண்பர் சொன்ன விதி டெக்சஸில் பலிக்காமல் போவது இதனால்தான். வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவுரைகளில் பாதி, சொன்னவருடைய மாநிலத்தில் மட்டும் உண்மை.

அப்பா அம்மா இங்கே ஒரு நாள் கூட வேலை பார்த்ததில்லை. மெடிகேர் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் இலவசமாக இல்லை. இங்கேதான் பெரும்பாலான நம் குடும்பங்கள் குழம்புகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மெடிகேரில் பகுதி ஏ ஆஸ்பத்திரிக்கு, பகுதி பி டாக்டருக்கும் பரிசோதனைக்கும், பகுதி டி மருந்துக்கு. தானோ கணவனோ மனைவியோ பத்து ஆண்டு, அதாவது 40 கிரெடிட், வேலை பார்த்து வரி கட்டியிருந்தால் ஏ-வுக்குப் பிரீமியம் இல்லை. மகனோ மகளோ இருபது ஆண்டு கட்டிய வரி பெற்றோர் கணக்கில் சேராது. இதைச் சொன்னதும் நிறையப் பேர் முகம் வாடிவிடும்.

40 கிரெடிட் இல்லாதவர், கிரீன் கார்டோடு தொடர்ச்சியாக 5 ஆண்டு இங்கே வசித்திருந்தால், 65 வயதுக்கு மேல் ஏ-வையும் பி-யையும் விலைக்கு வாங்கலாம். 2025-இல் ஏ மாதம் 518 டாலர், பி 185 டாலர். ஒருவருக்கு 703, தம்பதிக்கு 1,406. 2026-இல் ஏ 565 ஆகவும் பி 202.90 ஆகவும் ஏறியது. வீட்டுக் கடன் தவணை மாதிரி ஒரு தொகை. இதைப் பார்த்துப் பயந்து, "மெடிகேர் நமக்கு இல்லை" என்று அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

விட வேண்டியதில்லை. வருமானம் குறைந்தவருக்கு இந்தப் பிரீமியங்களை மாநில மெடிகெய்டே கட்டும் ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் கியூ.எம்.பி. இது கிடைத்தால் ஏ பிரீமியம், பி பிரீமியம், ஆஸ்பத்திரி டிடக்டிபிள் (காப்பீடு கட்டத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) 1,676 டாலர், டாக்டர் பில்லில் நம் பங்கான 20 சதவீதம், எல்லாமே மாநிலத்தின் பொறுப்பு.

நடைமுறை ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் பகுதி ஏ-வுக்கு விண்ணப்பிக்கும்போது, "கியூ.எம்.பி. கிடைத்தால் மட்டும் எனக்கு ஏ வேண்டும்" என்று நிபந்தனையோடு கேட்கலாம். கிடைக்காவிட்டால் 518 டாலர் பில் வராது. கவுன்டரில் இருப்பவருக்கே சில சமயம் இது தெரிவதில்லை. கோபப்படாமல், மேலாளரைக் கேளுங்கள். பல மாநிலங்களில் ஆண்டு முழுவதும் இப்படி விண்ணப்பிக்கலாம், சிலவற்றில் ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும். கலிஃபோர்னியா 2025 ஜனவரியில்தான் முதல் வகைக்கு மாறியது.

நான்தான் ஸ்பான்சர் செய்தேன். அது மெடிகெய்டுக்கு இடைஞ்சலா?

இடைஞ்சல்தான். முதலில், 1996-இல் வந்த சட்டப்படி கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டு வரை பொதுவாக முழு மெடிகெய்டு இல்லை. அவசர சிகிச்சைக்கு மட்டும் உண்டு. 5 ஆண்டு கழிந்த பிறகும், நீங்கள் கையெழுத்திட்ட ஐ-864 உறுதிமொழிப் பத்திரம் விடாது. பெற்றோரின் வருமானத்தோடு உங்கள் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்க அது இடம் கொடுக்கிறது. மகன் ஐ.டி. வேலையில் இருந்தால் அந்தக் கணக்கில் யாரும் ஏழை ஆக மாட்டார்கள். அது மட்டும் இல்லை, கொடுத்த உதவியை ஸ்பான்சரிடம் திருப்பிக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

இது முடிவது இரண்டு இடத்தில். 40 கிரெடிட் சேர வேண்டும், அல்லது பெற்றோர் குடியுரிமை பெற வேண்டும். நடைமுறையில் இரண்டாவதுதான். கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டு ஆனதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம்தான் தடை என்கிறார்கள். 55 வயது தாண்டி 15 ஆண்டு, அல்லது 50 வயது தாண்டி 20 ஆண்டு கிரீன் கார்டில் இருந்தவர் குடிமைத் தேர்வுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம். மறதி நோய் போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டர் சான்றோடு விலக்குக் கேட்க என்-648 என்று ஒரு படிவம் இருக்கிறது. மற்றவர்கள் அந்த நூறு சொச்சம் கேள்விகளைப் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். எழுபத்து மூன்று வயதில் என் மாமியார் படித்தார். ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கக் கேள்விகளை ஒட்டி வைத்திருந்தோம்.

ஈழத்திலிருந்து அகதியாகவோ அசைலம் பெற்றோ வந்தவர்களுக்கு இந்த 5 ஆண்டுக் காத்திருப்பு இருந்ததில்லை. ஆனால் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அவர்களைத் தொடுகிறது. 2026 அக்டோபர் 1 முதல் அந்த நிலையை மட்டும் வைத்து மத்திய மெடிகெய்டு கிடையாது, மெடிகேர் விதியும் அதே பக்கம் சுருங்கிவிட்டது. கிரீன் கார்டுக்கு மாறத் தகுதி இருந்தும் "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்திருக்கும் பெரியவர்கள் அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

வருமானம் எவ்வளவு வரை இருக்கலாம்?

கியூ.எம்.பி.க்கு தனி நபர் மாதம் 1,325 டாலர், தம்பதி 1,783 டாலர். இருப்பு, அதாவது வங்கிப் பணம் முதலியவை, தனி நபருக்கு 9,660, தம்பதிக்கு 14,470. வருமானம் இதைவிடக் கொஞ்சம் கூடினால் எஸ்.எல்.எம்.பி., கியூ.ஐ. என்று இரண்டு படிகள் உண்டு. அவை பகுதி பி பிரீமியத்தை மட்டும் கட்டும். கியூ.ஐ.யின் மேல் வரம்பு தனி நபருக்கு 1,781 டாலர்.

இவை மத்திய அரசு வைத்த அடிமட்ட வரம்புகள்தான். மாநிலம் தாராளமாக இருக்கலாம். நியூயார்க்கில் இந்தத் திட்டங்களுக்கு இருப்பைப் பார்ப்பதே இல்லை. கலிஃபோர்னியா 2024-இல் இருப்பு வரம்பை எடுத்துவிட்டு, 2026 ஜனவரி முதல் தனி நபருக்கு 1,30,000 டாலர் என்று திரும்பக் கொண்டுவந்தது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஊரில் இருக்கும் சொத்து. தமிழ்நாட்டு அரசு ஓய்வூதியம், போஸ்ட் ஆபீஸ் வட்டி, தஞ்சாவூரில் பூட்டிக் கிடக்கும் வீடு, இவற்றை எல்லாம் படிவத்தில் சொல்ல வேண்டும். ரூபாயில் வருகிறது என்பதால் அது வருமானம் இல்லாமல் போகாது. வசிக்கிற வீட்டுக்குத்தான் விலக்கு, தஞ்சாவூர் வீட்டில் இப்போது யாரும் வசிக்கவில்லையே.

முழு டூயல், பாதி டூயல் என்று வேறு சொல்கிறார்களே?

மெடிகெய்டின் எல்லாப் பலன்களும் (நீண்டகாலப் பராமரிப்பு, வீட்டு உதவி, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி) கிடைத்தால் முழு டூயல். பிரீமியமும் பங்குத் தொகையும் மட்டும் கட்டித்தந்தால் பாதி. உங்களுக்கு வந்த கடிதத்தில் எது என்று இருக்கும். பிளான் தேர்வு செய்யும்போது முதலில் கேட்கப்படுவது இதுதான்.

டாக்டர் ஆபீஸில் இருந்து 20 சதவீதம் பாக்கி என்று பில் வந்திருக்கிறது. கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். முதலில் உறைக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். மேலே "இது பில் அல்ல" என்று ஆங்கிலத்தில் தடித்த எழுத்தில் இருந்தால் அது வெறும் கணக்குத் தாள். பயந்துபோய் அதற்கும் செக் எழுதி அனுப்பிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.

உண்மையான பில் என்றால், கியூ.எம்.பி. உள்ளவரிடம் மெடிகேரின் டிடக்டிபிளையோ 20 சதவீதத்தையோ கேட்பது மத்திய சட்டப்படி தடை. அந்த டாக்டர் மெடிகெய்டு எடுக்காதவராக இருந்தாலும் இதே விதிதான். மெடிகெய்டின் ஓரிரு டாலர் கோபே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் சிறு பங்கு) மட்டும் சில மாநிலங்களில் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வலது கண்ணில் புரை நீக்கினார்கள். ஆறு வாரம் கழித்து ஒரு கண் மருத்துவமனையிலிருந்து 312 டாலர் 40 சென்டுக்கு பில். அத்தை அதை அரிசி டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார், மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் கவலைப்படுவார் என்று. நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் மூன்றாவது நினைவூட்டல் வந்து, வசூல் ஏஜென்சிக்குப் போகும் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. நான் போன் போட்டு, "நோயாளி கியூ.எம்.பி. திட்டத்தில் இருக்கிறார், நீங்கள் பில் போடக் கூடாது" என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெண், "அப்படி எங்கள் சிஸ்டத்தில் எதுவும் காட்டவில்லையே" என்றார். இரண்டாவது முறை மெடிகேரின் 1-800-633-4227 எண்ணையும் சேர்த்து மூன்று பேர் அழைப்பாகப் பேசினோம். பில் ரத்தானது. சத்தம் போட்டிருந்தால் ஆகியிருக்குமா தெரியாது. அந்த மூன்று எழுத்தைச் சரியாகச் சொன்னது வேலை செய்தது.

ஒரு தேதியைக் கவனியுங்கள். கியூ.எம்.பி. ஒப்புதல் கிடைத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல்தான் செல்லும். அதற்கு முந்தைய சிகிச்சைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

சரி, டி-ஸ்னிப் என்றால் என்ன?

டூயல் ஆட்களுக்கு மட்டுமே விற்கப்படும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளான். தனியார் கம்பெனி நடத்தும், பணம் அரசு கொடுக்கும். 2003-இல் வந்த சட்டம் இதற்கு வழி செய்தது, 2006-இல் தொடங்கியது, 2018-இல் நிரந்தரமாக்கினார்கள். கம்பெனி அந்த மாநில மெடிகெய்டு துறையோடு ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் நடத்த முடியும். பகுதி ஏ, பி, டி மூன்றும் ஒரே பிளானுக்குள் வந்துவிடும். பல் வைத்தியம், கண்ணாடி, காது கருவி என்று கூடுதலாகவும் தருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். சேர்ந்த 90 நாட்களுக்குள் உடல்நிலை பற்றிக் கேள்வி கேட்கப் போன் வரும். தெரியாத நம்பர் என்று பெரியவர்கள் கட் செய்து விடுவார்கள். மோசடிப் போன்கள் மலிந்த காலத்தில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிளானின் எண்ணை முதலிலேயே அவர்கள் செல்போனில் தமிழில் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள்.

எல்லா டி-ஸ்னிப்பும் ஒன்றுதானா?

இல்லை, இங்கேதான் விளம்பரம் சொல்லாத விஷயம் இருக்கிறது. ஒரு வகையில், மெடிகேர் பக்கம் ஒரு கம்பெனி, மெடிகெய்டு பக்கம் வேறு கம்பெனி. இரண்டும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளும், அவ்வளவுதான். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் ஒன்று மற்றதைக் கைகாட்டும். இன்னொரு வகையில் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கேர் மேனேஜர் (சிகிச்சைகளை ஒருங்கிணைத்துப் பார்த்துக்கொள்பவர்), மறுத்தால் முறையிடவும் ஒரே இடம். இதை இணைந்த பிளான் என்பார்கள். கலிஃபோர்னியாவில் மெடி-மெடி பிளான் என்று கேளுங்கள், மாசசூசெட்ஸில் 2004 முதல் நடக்கும் சீனியர் கேர் ஆப்ஷன்ஸ், நியூயார்க்கில் மெடிகெய்டு அட்வான்டேஜ் பிளஸ்.

டி-ஸ்னிப்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் இணைந்ததை எடுங்கள் என்பதுதான் என் கருத்து. இணையாததில் சேர்ந்தால், இரண்டு கம்பெனிக்கும் நடுவே தூது போகும் வேலை மகளுக்கோ மருமகளுக்கோ வந்துசேரும். வேலைக்குப் போகும் பெண் பகல் பதினொரு மணிக்கு எத்தனை நாள் ஹோல்டில் காத்திருப்பாள்?

பேஸ் என்று வேறு ஒன்றும் உண்டு. 55 வயதுக்கு மேல், நர்ஸிங் ஹோம் அளவுக்குப் பராமரிப்பு தேவைப்பட்டும் வீட்டிலேயே இருக்க முடிகிறவர்களுக்கானது. பகல் மையம், டாக்டர், வண்டி, மருந்து எல்லாம் ஒரே குழு. சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் 1970-களின் தொடக்கத்தில் ஆன் லோக் என்ற அமைப்பு, தங்கள் முதியவர்களை இல்லத்தில் விட மனமில்லாத குடும்பங்களுக்காகத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. எல்லா ஊரிலும் இல்லை. உங்கள் ஜிப் கோடில் இருந்தால் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

அப்படியென்றால் டி-ஸ்னிப்பில் சேரலாமா, வேண்டாமா?

சேராவிட்டாலும் குடி முழுகாது. கியூ.எம்.பி.யோடு சாதாரண மெடிகேர், தனியாக ஒரு மருந்து பிளான் என்று இருப்பவருக்கு ஏற்கெனவே கைக்காசு செலவு ஏறக்குறைய இல்லை. மெடிகேர் எடுக்கும் எந்த டாக்டரிடமும், நாட்டில் எங்கும் போகலாம். டல்லாஸில் மகன், சியாட்டிலில் மகள் என்று ஆறு மாதம் மாறி மாறி இருக்கும் பெற்றோருக்கு (மெடிகெய்டு ஒரு மாநிலத்தில்தான் என்றாலும்) இதுவே வசதி. டி-ஸ்னிப் பெரும்பாலும் ஒரு மாவட்ட எல்லைக்குள், ஒரு நெட்வொர்க்குக்குள், அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களுக்குள்.

மாறாக, ஒரே ஊரில் நிலையாக இருந்து, சர்க்கரை, இதயம், மூட்டு என்று நாலு டாக்டரைப் பார்ப்பவருக்கு நல்ல கேர் மேனேஜர் ஒருவர் கிடைத்தால் பெரிய உதவி. சேருமுன் அப்பாவின் டாக்டர்கள் பெயரையும், எந்த ஆஸ்பத்திரி என்பதையும், மாத்திரைகளின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். டாக்டர் ஆபீஸுக்கும் போன் செய்து கேளுங்கள், பிளானின் இணையப் பட்டியலில் ஊரைவிட்டுப் போன டாக்டரும் இருப்பார்.

டி.வி.யில் மளிகைக்கு மாதம் இவ்வளவு டாலர் கார்டு என்கிறார்களே?

உண்மையிலேயே தரும் பிளான்கள் உண்டு. ஆனால் 2026 முதல் மளிகைப் பலன் பெரும்பாலும் குறிப்பிட்ட நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்குத்தான். அந்தக் கார்டு எல்லாக் கடையிலும் செல்லாது. நம் இந்தியக் கடையில் தோசை அரிசிக்கு நீட்டினால் பல இடங்களில் செல்லுபடியாகாது. மளிகைக் கார்டுக்காக இதய டாக்டரை இழந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஏஜென்ட் தானாக வீட்டுக் கதவைத் தட்டவோ, நீங்கள் கேட்காமல் போன் செய்யவோ கூடாது என்பது விதி. அப்படி வந்தவரிடம் மெடிகேர் எண்ணைச் சொல்லாதீர்கள். சொல்லி, தெரியாமலே பிளான் மாறிப்போனவர்கள் உண்டு.

தவறான பிளானில் சேர்ந்துவிட்டோம். மாறலாமா?

மாறலாம். 2025 ஜனவரி முதல் டூயல் ஆட்கள் எந்த மாதமும் பிளானை விட்டுச் சாதாரண மெடிகேருக்கும் தனி மருந்து பிளானுக்கும் திரும்பலாம். முழு டூயல் என்றால் இணைந்த டி-ஸ்னிப்புக்கும் எந்த மாதமும் போகலாம், மெடிகெய்டு பிளானும் அதே கம்பெனியில் இருந்தால். இணையாததற்குப் போக வேண்டுமென்றால் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையான வழக்கமான காலத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். மாற்றம் அடுத்த மாதம் முதல் தேதியில் நடைமுறைக்கு வரும்.

ஆஸ்பத்திரியில் எந்தக் கார்டைக் காட்டுவது?

சாதாரண மெடிகேர் என்றால் சிவப்பு வெள்ளை நீலக் கார்டும் மெடிகெய்டு கார்டும். டி-ஸ்னிப் என்றால் பிளான் கார்டும் மெடிகெய்டு கார்டும். அப்போது மூவண்ணக் கார்டு வீட்டுப் பீரோவில் இருக்கட்டும், தூக்கி எறிய வேண்டாம். மெடிகேர்தான் முதலில் கட்டும், மிச்சத்தை மெடிகெய்டு பார்க்கும். மெடிகெய்டு எப்போதும் கடைசி ஆள்.

மருந்துக்கு?

டூயல் ஆனவுடன், மருந்துச் செலவைக் குறைக்கும் எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்ற மத்திய அரசு உதவி தானாக வரும், தனி விண்ணப்பம் வேண்டாம். வருமானம் வறுமைக் கோட்டுக்குள் இருக்கும் முழு டூயலுக்கு ஜெனரிக் 1.60 டாலர், பிராண்டு மருந்து 4.80 டாலர். மற்றவர்களுக்கு அதிகபட்சம் 4.90, 12.15. கடைக்காரர் இதைவிட அதிகம் கேட்டால் மெடிகெய்டு ஒப்புதல் கடிதத்தைக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஒவ்வொரு தடவையும் நான் லீவு போட்டுப் போக வேண்டுமா?

வேண்டாம். மத்திய அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரியும் பிளானும் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். தமிழுக்குப் பெரும்பாலும் போனிலோ வீடியோவிலோ வருவார். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "தமிழ்" என்று பதியச் சொல்லுங்கள். "இந்தியன்" என்று சொன்னால் இந்தி பேசுகிறவரை இணைத்துவிடுவார்கள், இது எங்களுக்கு இரண்டு முறை நடந்தது. பன்னிரண்டு வயதுப் பேத்தியை வைத்துப் பாட்டியின் சிறுநீர்த் தொந்தரவை மொழிபெயர்க்க வைப்பது இருவருக்கும் கொடுமை.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளுக்குப் பணம் தருவார்களா?

மெடிகேர் தராது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு போன்ற சமயங்களில் அது கொஞ்ச காலம் நர்ஸ் அனுப்பும், அவ்வளவுதான். தினமும் குளிப்பாட்ட, சமைக்க ஆள் வேண்டுமென்றால் அது மெடிகெய்டின் வேலை. முழு டூயலாக இருப்பதன் பெரிய பலனே இது. கலிஃபோர்னியாவில் ஐ.எச்.எஸ்.எஸ். திட்டத்தில் மகனோ மகளோ கூடப் பராமரிப்பவராகப் பதிந்து ஊதியம் வாங்கலாம். நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் இதுபோல உண்டு. எடிசன், ஐஸலின் பக்கம் இந்தியச் சாப்பாடு போடும் பகல் பராமரிப்பு மையங்கள் இருக்கின்றன. காலையில் வேன் வந்து அழைத்துப் போகும்.

நாலு மாதம் ஊருக்குப் போய் வர நினைக்கிறார்கள். கார்டு என்ன ஆகும்?

சென்னையில் மெடிகேர் செல்லாது. சில டி-ஸ்னிப் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு ஒரு தொகை வரை தரும், புறப்படுமுன் கேளுங்கள். தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் பிளான் எல்லைக்கு வெளியே இருந்தால் பொதுவாகப் பிளானிலிருந்து நீக்கிவிடுவார்கள். எஸ்.எஸ்.ஐ. (வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் மத்திய அரசு தரும் மாத உதவி) பணம் வாங்குகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 30 நாள் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்தால் அது நின்றுபோகும், திரும்பி வந்து 30 நாள் இருந்தால்தான் மறுபடி தொடங்கும். பல மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ.யோடு ஒட்டியே மெடிகெய்டு வருவதால் அதுவும் ஆட்டம் காணும். கிரீன் கார்டில் முதல் 5 ஆண்டு இன்னும் முடியாதவர் மாதக்கணக்கில் ஊரில் தங்கினால் "தொடர்ச்சியாக" என்ற சொல்லை வைத்துக் கேள்வி வரலாம்.

பேரன் கல்யாணத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். டிக்கெட் போடுமுன் மெடிகெய்டு புதுப்பிப்பு மாதம் எது என்று மட்டும் பாருங்கள்.

ஏன், அந்த மாதத்தில் என்ன?

பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை மெடிகெய்டு புதுப்பிக்க வேண்டும். கோவிட் காலத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள், 2023 மார்ச் 31-க்குப் பிறகு மறுபடி தொடங்கிவிட்டது. கடிதம் சாதாரண வெள்ளை உறையில், கடை விளம்பரத் தாள்களுக்கு நடுவே வரும். வீட்டில் எல்லாரும் கும்பகோணத்தில் இருக்கும்போது வந்தால் யார் பதில் அனுப்புவது? பதில் போகாவிட்டால் மெடிகெய்டு நின்றுவிடும், அதோடு கியூ.எம்.பி.யும். அடுத்த மாதம் பகுதி ஏ, பி பிரீமியம் உங்கள் தலையில். டி-ஸ்னிப் உடனே வெளியே தள்ளாது. குறைந்தது ஒரு மாதம், அதிகம் 6 மாதம் வரை பொறுத்துப் பார்க்கும், எவ்வளவு என்பது பிளானைப் பொறுத்தது. அந்த இடைவெளியில் சரிசெய்ய வேண்டும்.

பிளான் எது நல்லது என்று ஆறு மாதம் அலசுகிறவர்கள் இந்த உறைக்கு ஐந்து நிமிடம் கொடுப்பதில்லை. எங்கள் வீட்டில் புதுப்பிப்பு மாதத்தை நாள்காட்டியில், ஆடி அமாவாசைக்குப் பக்கத்திலேயே, சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். முகவரி மாறினால் மெடிகெய்டுக்கும் சோஷியல் செக்யூரிட்டிக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குத் தெரியும் என்று நம்ப வேண்டாம்.

மெடிகெய்டு வாங்கினால் செத்த பிறகு வீட்டை எடுத்துக்கொள்வார்களாமே?

55 வயதுக்கு மேல் மெடிகெய்டு செலவழித்த நீண்டகாலப் பராமரிப்புப் பணத்தை, இறந்தவரின் சொத்திலிருந்து மாநிலம் கேட்க வேண்டும் என்பது சட்டம். கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்வரை கேட்காது. வீடு மகன் பெயரில் இருந்து, பெற்றோர் அதில் குடியிருந்தால் அது பெற்றோரின் சொத்தே இல்லை. கியூ.எம்.பி. வகையில் கட்டிய பிரீமியம், பங்குத் தொகையை 2010-க்குப் பிறகு திருப்பிக் கேட்பதில்லை. பெற்றோர் பெயரில் வீடு வாங்க நினைப்பவர் மட்டும் முதலில் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும்.

யாரிடம் இலவசமாகக் கேட்கலாம்?

ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற ஆலோசனைச் சேவை இருக்கிறது. அரசுப் பணத்தில் நடப்பது, எதையும் விற்க மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் அதன் பெயர் ஹைகேப், மாசசூசெட்ஸிலும் ஃப்ளோரிடாவிலும் ஷைன். 1-800-மெடிகேரில் கேட்டால் உங்கள் ஊர் எண்ணைத் தருவார்கள். போகும்போது எல்லாக் கார்டுகளும், வந்த கடிதங்களும், மாத்திரைப் பாட்டில்களும் ஒரு பையில். அத்தையின் பை பழைய துணிக்கடை மஞ்சப்பை. ஆலோசகர் அம்மாவுக்கு இப்போது அதைப் பார்த்தாலே யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியும்.